பிள்ளைகளின் கல்வியும் நல்லொழுக்கமும் – பெற்றோரின் கடமைகள்

ஆண்டுதோறும் விஜயதசமி நாளில் ஆலயங்களில் ஏடு தொடக்கும் வைபவம் சிறப்பாக நடைபெறுவது யாவரும் அறிந்ததே. தாயோ தந்தையோ பிள்ளையை மடியில் இருத்த, குருக்கள் ஐயா பிள்ளையின் பிஞ்சு விரலைப் பிடித்து அரிசியிலே 'அ' என்று எழுதுவிப்பார். பிள்ளை சில வேளை அழும். சில வேளை அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இந்தக் காட்சியைச் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விரலைப் பிடித்து எழுதுவிப்பவர் குருவாக இருந்தாலும் பிள்ளை இருப்பது பெற்றவரின் மடியிலேதான். அந்த மடி இல்லாவிட்டால் பிள்ளை அவ்விடத்தில் ஒரு கணமும் இருக்க மாட்டாது. கல்வி முழுவதுக்கும் இதுவே பொருந்தும். கற்பிப்பவர் ஆசிரியர், தாங்கிக்கொள்பவர் பெற்றோர்.

ஆயினும் இன்று பல பெற்றோர் பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்துவிட்டால் தமது கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுகின்றனர். மாலையில் ரியூசனுக்கும் அனுப்பிவிட்டால் மிகுதியும் முடிந்துவிட்டது என்று எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வி இலகுவாகக் கிடைத்த ஒன்றல்ல

இன்று ஊருக்கு ஊர் பாடசாலை உள்ளது. ஆனால் இது எளிதில் வந்த பேறு அன்று. சைவப் பிள்ளைகள் தமது சமயச் சூழலிலே கற்க வேண்டும் என்று கருதிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளின் வயதுக்கும் தரத்துக்கும் ஏற்பப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டும் வழங்கினார். அவர் காட்டிய வழியிலே 1923ஆம் ஆண்டில் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிப் பல கிராமங்களில் பாடசாலைகளை நிறுவியது. அக்கால மக்கள் பிடியரிசி சேர்த்தும் காணி கொடுத்தும் கிடுகு பின்னிக் கொட்டில் போட்டும் தம் ஊர்ப் பாடசாலைகளை வளர்த்தார்கள்.

அதன்பின் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாக வழங்கப்படலாயின. ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை என்றிருந்த கட்டாயக் கல்வி வயதெல்லை 2016ஆம் ஆண்டில் பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே பதினாறு வயது நிறையாத பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டில் மறிப்பது சட்டப்படியும் தவறாகும்.

முன்னோரும் அரசும் செய்ய வேண்டியவற்றுள் பெரும்பங்கு செய்தாயிற்று. இனி மீதமுள்ளது வீட்டின் பங்கே ஆகும்.

ஒரு சிறு கணக்கு

ஓர் ஆண்டில் 8760 மணித்தியாலங்கள் உள்ளன. பாடசாலை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் நடைபெறுகின்றது. ஆண்டுக்கு 200 நாட்கள் என்று கொண்டாலும் 1200 மணித்தியாலங்களே பாடசாலைக்கு உரியவை. நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலம் வீதம் உறக்கத்துக்கு 3285 மணித்தியாலங்கள் செல்லும். ரியூசனுக்கென்று 500 மணித்தியாலங்களைக் கழித்தாலும் மிகுதியாக 3775 மணித்தியாலங்கள் உள்ளன. பாடசாலையில் கழியும் நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம் பிள்ளை வீட்டிலும் வீதியிலும் உறவினர் அயலவர் மத்தியிலும் கழிக்கின்றது.

இந்த மூன்று மடங்கு நேரத்தில் பிள்ளை கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் அதற்குப் பாடங்களே. அந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் பெற்றோரே ஆவர்.

வீட்டில் ஓர் ஒழுங்கு

கல்விக்கு உதவுவது என்றவுடன் படித்த பெற்றோரால்தான் முடியும் என்று பலர் நினைத்துவிடுகின்றனர். இது தவறு. கணிதமும் விஞ்ஞானமும் தெரியாத தாயும் தன் பிள்ளைக்குப் பெருந்துணை செய்யலாம்.

முதலாவது உறக்கம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாமலும், பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் ஆலோசனை. இரவு பதினொரு மணிவரை தொலைக்காட்சி நாடகம் ஓடும் வீட்டில் பிள்ளை எவ்வாறு உறங்கும்? இரண்டாவது காலை உணவு. வெறும் வயிற்றோடு செல்லும் பிள்ளைக்கு இரண்டாம் பாடத்திலேயே கண் இருளும். புட்டோ பாணோ ஒரு பிடி கஞ்சியோ, ஏதாவது ஒன்றை உண்ட பின்பே பிள்ளை படலையைத் தாண்ட வேண்டும். மூன்றாவது படிக்க ஓர் இடம். தனியறை வேண்டியதில்லை. விறாந்தையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு வெளிச்சம், குறித்த ஒரு நேரம் போதும். அந்த நேரத்தில் வீட்டார் உரத்துப் பேசாதிருப்பதே பெரிய உதவியாகும்.

நான்காவது வரவு. கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி, சந்தை, தோட்டவேலை என்று பிள்ளையை மறிக்கும் பழக்கம் கிராமங்களில் அதிகம். வாரத்தில் ஒரு நாள்தானே என்று தோன்றும். நாற்பது வாரங்களுக்கு நாற்பது நாட்கள். முதலாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை கூட்டினால் 440 நாட்கள், அதாவது இரண்டு பாடசாலை ஆண்டுகளுக்கும் மேல். மேலும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்றுவதற்கு 80 வீத வரவு வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. அந்த ஒரு நாளே பிள்ளையை எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

பாடசாலையோடு தொடர்பு

தவணைக்கு ஒரு முறை நடைபெறும் பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தாய்மாரே. தந்தைமார் பாடசாலைப் பக்கம் வருவது விளையாட்டுப் போட்டிக்கும் சண்டைக்கும் மாத்திரம் என்று சொல்லுமளவுக்கு நிலைமை உள்ளது. வந்தவர்களும் 'என்ர பிள்ளை எத்தனையாம் பிள்ளை?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுகின்றனர். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வகுப்பில் பிள்ளை கேள்வி கேட்கின்றதா? யாரோடு சேர்ந்து இருக்கின்றது? எந்தப் பாடத்தில் ஆர்வம் காட்டுகின்றது? எங்கே தடுமாறுகின்றது? தவணைக்கிடையில் ஏதாவது மாற்றம் தெரிகின்றதா? இவற்றைக் கேட்டால் ஆசிரியரும் மனம் திறந்து சொல்வார்.

கரும்பலகையில் எழுதுவதைப் பிழையாகக் கொப்பியில் எழுதும் பிள்ளையை 'கவனமில்லை', 'சோம்பேறி' என்று வீட்டிலும் வகுப்பிலும் ஏசுவதுண்டு. கண் பரிசோதனை செய்து பார்த்தால் அந்தப் பிள்ளைக்குத் தூரப்பார்வை தெளிவில்லை என்பது சில வேளைகளில் தெரியவரும். ஒரு மூக்குக் கண்ணாடியோடு தீரும் குறைக்காகப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் வசை கேட்டிருக்கும். காது கேளாமை, எழுத்துக்களைப் பிரித்தறிவதில் உள்ள இடர்ப்பாடு ஆகியனவும் இவ்வாறே. பிள்ளை பின்தங்கினால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். கோபம் காரணத்தைக் காட்டமாட்டாது.

ஆசிரியரைப் பற்றிப் பிள்ளையின் முன்னிலையில் இழிவாகப் பேசுவதைப் பெற்றோர் அறவே தவிர்த்தல் வேண்டும். முறைப்பாடு இருந்தால் அதிபரிடம் நேரில் சென்று அமைதியாகப் பேசலாம். வீட்டில் மதிப்பிழந்த ஆசிரியரிடம் பிள்ளை வகுப்பில் எதையும் கற்றுக்கொள்ளாது.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை

ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். இரண்டு வினாத்தாள்களுக்கும் மொத்தம் 200 புள்ளிகள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவுதொகை வழங்குவதும், பிரபல பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவதுமே இதன் நோக்கங்கள். ஆனால் இன்று இது பெற்றோரின் கௌரவப் பரீட்சையாக மாறிவிட்டது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம் சந்தியில் பதாகையாகத் தொங்குகின்றது. தாண்டாத பிள்ளை அந்தப் பதாகையின் கீழால் தினமும் பாடசாலைக்குப் போகின்றது. அதன் வயது பத்து மாத்திரமே.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை நோக்கலாம். தந்தை மேசன் தொழிலாளி. கடன்பட்டு மகனை மூன்று இடங்களில் ரியூசனுக்கு அனுப்பினார். மகன் சில புள்ளிகளால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டான். அயல்வீட்டுப் பிள்ளை சித்தியடைந்தது. கோயில் திருவிழாவுக்கு உறவினர் எல்லோரும் வந்திருந்த வேளையில், 'இவன் ஒண்டுக்கும் உதவான்' என்று தந்தை சொல்லிவிட்டார். சொன்னவர் மறுநாளே மறந்துவிட்டார். கேட்டவன் மறக்கவில்லை.

அதன்பின் தேர்ச்சி அறிக்கைகள் வீட்டுக்கு வருவது குறைந்தது. ஒன்பதாந் தரத்தில் பையன் காலையில் சீருடையோடு சைக்கிளில் புறப்படுவான். பாடசாலைக்குப் போகாமல் குளக்கட்டில் இருந்துவிட்டு மணி தப்பாமல் வீடு திரும்புவான். மூன்று வாரங்களின் பின் வகுப்பாசிரியை வீடு தேடி வந்தபோதுதான் தாய்க்குத் தெரியவந்தது. தந்தை பெல்ற்றைக் கழற்றினார். ஆசிரியை, 'ஐயா, அடிக்கிறதெண்டால் நான் போன பிறகு அடியுங்கோ. ஆனால் அதுக்கு முதல், அவன் ஏன் போகேல்லை எண்டு ஒருக்கால் கேளுங்கோ' என்றார். நெடுநேரம் மௌனமாக இருந்த பையன் சொன்ன மறுமொழி ஒரு வசனந்தான்: 'நான் உதவான் எண்டு அப்பாதானே சொன்னவர்.'

அன்றிரவு தந்தை சாப்பிடவில்லை. மறுநாட் காலை மகனிடம், 'நான் அண்டைக்குச் சொன்னது பிழை மோனே' என்றார். ஒரு தந்தை தன் மகனிடம் இவ்வாறு சொல்வது எளிதான காரியமன்று. சனிக்கிழமைகளில் மகனைத் தன்னோடு வேலைத்தளத்துக்குக் கூட்டிச் சென்றார். அளவுநாடாவைப் பிடித்து நீளம், அகலம் அளப்பதிலும், ஒரு சுவருக்கு எத்தனை கல் செல்லும் என்று கணக்குப் பார்ப்பதிலும் பையன் கெட்டிக்காரனாக இருந்தான். கணக்கு வராது என்று வகுப்பில் ஒதுங்கியிருந்த பையன் அவனேதான். சாதாரண தரத்தில் கணிதம் முதன்முறை தவறி இரண்டாம் முறைதான் சித்தியானது. ஆனால் பாடசாலைக்குப் போவதை அவன் பின்பு நிறுத்தவில்லை.

சித்தியடையாத பிள்ளைக்கு வழி அடைந்துவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழிற்றுறைப் பாடங்களைத் தொடர இடமளிக்கும் நோக்கில் அமைந்தது. தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். பெற்றோர் இவற்றை முன்னரே விசாரித்து வைத்திருத்தல் நன்று. ஒரு வாசல் மூடினால் இன்னொரு வாசல் எங்கே உள்ளது என்பதைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டியவர் பெற்றவரே.

கைத்தொலைபேசி

2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசி மூலம் நடைபெற்றன. அதுவரை பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கத் தயங்கிய பெற்றோரும் கடன்பட்டு வாங்கிக் கொடுத்தனர். பாடசாலை திறந்தது. போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அது தீயது என்று ஒதுக்கவும் முடியாது. கடந்தகால வினாத்தாள்களும் பாட விளக்கங்களும் அதில் கிடைக்கின்றன. ஆகவே ஒழுங்கு வேண்டும். போனை எல்லோரும் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தல், சாப்பிடும்போது ஒருவரும் தொடாதிருத்தல், இரவில் வீட்டார் எல்லோருடைய போனும் ஒரே இடத்தில் சார்ஜ் போடப்படுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தாலே பாதிச் சிக்கல் தீரும். 'எல்லோருடைய' என்பதில் தந்தையும் தாயும் அடங்குவர். தகப்பன் இரவிரவாகப் போன் பார்த்துக்கொண்டு மகனைத் தடுக்க முடியாது.

ஒழுக்கம் சொல்லி வருவதன்று

'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது முதியோர் வாக்கு. கடன்காரர் படலையில் நிற்கும்போது 'அப்பா வீட்டில் இல்லையெண்டு சொல்லு' என்று பிள்ளையை அனுப்பும் தந்தை, பின்பு ஒரு நாள் அதே பிள்ளை பொய் சொல்லும்போது அடிக்கின்றார். அந்தப் பொய்யைப் பழக்கியவர் யார்? கடைக்காரர் தவறுதலாகக் கூடக் கொடுத்த மிச்சக் காசைப் பிள்ளையோடு சென்று திருப்பிக் கொடுக்கும் தாய், நூறு நீதிக் கதைகள் கற்பிக்காததை அந்த ஒரு செயலால் கற்பித்துவிடுகின்றார்.

வீட்டு வேலைகளைப் பெண் பிள்ளைக்கு மாத்திரம் ஒதுக்குவதும் திருத்தப்பட வேண்டியதே. தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவுதல், முற்றம் கூட்டுதல், கிணற்றில் தண்ணீர் அள்ளுதல், பூக்கொய்தல் யாவும் ஆண் பெண் இருபாலாருக்கும் உரியவை. பரீட்சைக்குப் படிக்கும் அண்ணனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் தங்கைக்கும் பரீட்சை உண்டு என்பதை மறக்கலாகாது.

'அடியாத மாடு படியாது' என்று சொல்லி அடிப்பதை நியாயப்படுத்துவோர் உளர். பிள்ளை மாடு அன்று. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளால் தடுக்கப்பட்டுள்ளது. அடியால் வரும் பணிவு அடிப்பவர் அருகில் இருக்கும் வரைதான். மேலும் அடிக்குப் பயந்த பிள்ளை தனக்கு நேரும் பெரிய தீங்கையும் மறைத்துவிடும். வெளியாள் ஒருவர் தகாத முறையில் நடந்தாலும், போதைப்பொருளைக் கொடுத்து ஆசைகாட்டினாலும் முதலில் ஓடிவந்து சொல்லக்கூடிய இடமாக வீடு இருக்க வேண்டும். அவ்வாறு சொல்லும் பிள்ளையை நம்ப வேண்டும். ஏசக்கூடாது. தேவை ஏற்படின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தந்தை குடிக்கும் வீட்டில் போதைக்கு எதிரான அறிவுரை செல்லாது என்பதையும் இங்கு சொல்லியே ஆகவேண்டும்.

தனித்து வளர்க்கும் தாய்மார்

போரினாலும் நோயினாலும் துணையை இழந்து தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் கிராமங்களில் உள்ளனர். கணவர் வெளிநாட்டில் இருப்போரும் உளர். விடியலில் கூலி வேலைக்குச் சென்று பொழுதுபட வரும் தாயிடம் மேற்சொன்ன யாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அவர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. இரவு உணவின்போது பத்து நிமிடம் 'இண்டைக்கு என்ன படிச்சனி, எனக்கும் சொல்லு' என்று கேட்டுப் பிள்ளை சொல்வதைக் கேட்டிருத்தல். தாய்க்கு விளங்க வேண்டியதில்லை. விளங்கப்படுத்த முயலும் பிள்ளைக்கு விளங்கிவிடும். வெளிநாட்டில் உள்ள தந்தையும் காசு அனுப்பியதோடு நில்லாமல் வாரம் ஒரு முறையாவது பிள்ளையின் கொப்பியைப் பற்றிப் பேசலாம். மிகுதியைப் பேரன் பேர்த்தியாரும் அயலவரும் தாங்க வேண்டும்.

ஆலயத்தின் பங்கு

ஞாயிறு அறநெறிப் பாடசாலைக்கு இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் பாடநூல்களை வழங்கி உதவி வருகின்றது. நூல்கள் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. பிள்ளைகள்தான் குறைவு. அந்நேரத்தில் பலர் ரியூசனில் உள்ளனர். சபை நடுவே நின்று கூச்சமின்றிப் பஞ்சபுராணம் ஓதும் பிள்ளை, நாளை நேர்முகப் பரீட்சையிலும் தலைநிமிர்ந்து மறுமொழி சொல்லும். அன்னதானத்தில் பந்தி விசாரிக்கும் பிள்ளை பிறர் பசியை அறியும். வரிசையில் நின்று விபூதி வாங்கும் பிள்ளை பொறுமையைப் பழகும்.

ஆலய பரிபாலன சபையினருக்கும் கடமை உண்டு. பொதுப் பரீட்சைக் காலங்களில் ஒலிபெருக்கியின் சத்தத்தை ஆலய வீதிக்குள் மட்டுப்படுத்தல், இரவுக் கச்சேரிகளை நேரத்தோடு முடித்தல், திருவிழா உபய வேலைகளுக்காகப் பாடசாலை நாட்களில் மாணவரை மறிக்காதிருத்தல் ஆகியன மிக அவசியம். சுவாமி வீதியுலாவில் ஆள் குறைந்தாலும் வகுப்பில் ஆள் குறையலாகாது. பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளைக் கௌரவிக்கும்போது, ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாது பாடசாலை சென்ற பிள்ளையையும், அறநெறி வகுப்பில் ஒழுக்கத்தால் சிறந்த பிள்ளையையும் சேர்த்துக் கௌரவித்தல் நன்று. அப்போது புள்ளி குறைந்த பிள்ளைக்கும் ஆலய மண்டபத்தில் ஓர் இடம் கிடைக்கும்.

நிறைவாக

பெற்றோர் இன்றிலிருந்து செய்யத் தொடங்கக்கூடியவை பெரிய காரியங்களல்ல. நேரத்துக்கு உறங்க வைத்தல், உண்ண வைத்தல், நாள் தவறாது அனுப்புதல், தவணைக்கு ஒரு முறை ஆசிரியரைச் சந்தித்தல், நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளை சொல்வதைக் கேட்டல், பிற பிள்ளையோடு ஒப்பிடாதிருத்தல், தான் செய்யாததைப் பிள்ளைக்குச் சொல்லாதிருத்தல் என்னும் இந்த ஏழும் போதும். இவற்றுள் ஒன்றுக்கேனும் காசு வேண்டியதில்லை.

ஏடு தொடக்கிய அன்று மடியில் இருந்த பிள்ளை வளர்ந்து பாரமாகிவிடும். மடி கொள்ளாது. ஆனாலும் தோற்று வரும் நாளில் அந்தப் பிள்ளை தேடி வருவது அதே மடியைத்தான். அந்த நாளில் வீட்டில் ஏச்சு இருக்கின்றதா, ஆறுதல் இருக்கின்றதா என்பதே அப்பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். ஊரின் பிள்ளைகள் யாவரும் கல்வியிலும் ஒழுக்கத்திலும் சிறந்து, பெற்றோரும் மற்றோரும் போற்ற நீடு வாழ எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருள் துணைபுரிவதாக.